ஜிஎஸ்டி ரோட்டில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் சொந்தம்

தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர் சிக்னல்ல நின்னிருப்பீங்க. பக்கத்துல ஒரு பெரிய ஐடி பார்க். அந்த நிலத்துல ஒரு காலத்துல கார் செஞ்சாங்க. கம்பெனி பேரு ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948ல ஆரம்பிச்சது.

இவங்க ஸ்போர்ட்ஸ் கார் செய்யல. ஆனா செஞ்ச ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சொந்தம் உண்டு.

முதல்ல வேன்கார்ட். இதோட இன்ஜினைக் கொஞ்சம் சின்னதாக்கி, 1991 சிசி ஆக்கி, 1953ல இங்கிலாந்துல ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்ல வச்சாங்க.

அடுத்து 1961ல ஹெரால்ட். வடிவமைச்சவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. இதே சேஸிஸை நீளம் குறைச்சு அடுத்த வருஷம் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. அங்க ரெண்டு பேர் ஜாலியா போற வண்டி. இங்க ஒரு குடும்பமே ஏறணும்! அதனால இங்கிலாந்துல கடைசி வரைக்கும் வராத நாலு கதவு ஹெரால்ட் நம்ம ஊர்ல வந்தது. 1972ல வந்த கஸல்ல பின் சஸ்பென்ஷனையும் மாத்தி, நேரான ஆக்ஸிலே போட்டாங்க. பார்க்க அழகு குறைஞ்சிருக்கலாம். ஆனா மாற்றம் ஓட்டுறவங்க தேவையிலிருந்து வந்தது.

1985ல ஸ்டாண்டர்ட் 2000. உடம்பு, 1977ல ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கின ரோவர் எஸ்டி1. ஃபெராரி டேடோனா சாயல்ல வரைஞ்சது. அங்க டாப் மாடல்ல 3.5 லிட்டர் வி8. இங்க பானெட்டைத் திறந்தா, அதே பழைய வேன்கார்ட் வம்சத்து 1991 சிசி இன்ஜின்!

நம்ம பாஷையில சொன்னா, புது யூஐ, பின்னாடி முப்பது வருஷ லெகசி கோடு. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலம், அதனால கையில இருக்கிற இன்ஜினை வச்சு ஒப்பேத்தினாங்க. அதுக்குள்ள மாருதி 800 தெருவுக்கு வந்தாச்சு. விலை அதிகம், வேகம் கம்மின்னா யார் வாங்குவாங்க? 1988ல தொழிற்சாலை மூடினது. வேலை போனவங்க தாம்பரத்தைச் சுத்தின வீடுகள்ல இருந்தவங்கதான்.

எனக்குப் பிடிச்சது கடைசி கார் இல்ல, அந்த நாலு கதவு ஹெரால்ட்தான். இங்க இருக்கிற ஆளைப் பார்த்து மாறின வண்டி அது. அடுத்த தடவை அந்த சிக்னல்ல நிக்கும்போது, ஐடி பார்க்கைப் பார்த்து இதை ஒருமுறை நினைச்சுக்கோங்க. நாமளும் அங்கதான் கோடு எழுதிட்டு இருக்கோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!