கதையை வளர்ப்போரும் காப்போரும்



திருச்செங்கோட்டுக்கு அண்மையில் உள்ள புதுப்பாளையத்தில், 1925-ஆம் ஆண்டில் ராஜாஜி அவர்கள் காந்தி ஆசிரமத்தை நிறுவினார்கள். அந்நாளில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த அச்சிற்றூர், இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. மதுவிலக்குப் பிரசாரத்திற்காக ராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்னும் இதழில், அவருக்குத் துணையாக நின்று உழைத்தார் ஓர் இளைஞர். அவரே பிற்காலத்தில் 'கல்கி' என்று தமிழுலகம் போற்றிய ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள்.

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், 'கல்கி' வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட அக்கதை முடிந்தபொழுது, வாசகர்களில் பலர் நிறைவு கொள்ளவில்லை. "இன்னார் என்ன ஆனார்? இன்னாருக்கு மணம் நிகழ்ந்ததா?" என்று வினாக்கள் எழுந்தன. ஆசிரியரும் முடிவுரை ஒன்று எழுதி விடையளித்தார். எஞ்சிய வரலாற்று நிகழ்ச்சிகளைக் கொண்டு பிற ஆசிரியர்களும் நாவல்கள் புனையலாம் என்னும் கருத்தையும் அதில் வெளியிட்டார்.

ஒருவர் படைத்த கதையுலகில் மற்றொருவர் புகலாமா? புகுந்தால் எவ்வளவு மாற்றலாம்? இவ்வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. வான்மீகியின் கதையைக் கம்பர் தமிழ் மரபுக்கேற்ப மாற்றிப் பாடினார். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு நிறுத்தினார். பின்வந்த நல்லாப்பிள்ளையோ, வில்லியின் பாடல்களையும் தம் நூலுள் இணைத்துக்கொண்டு பதினெட்டுப் பருவங்களையும் பாடி முடித்தார். முன்னோர் நூலை மதிப்பதும், அதனை வளர்ப்பதும் நம் மரபில் ஒருங்கே நிகழ்ந்திருக்கின்றன.

கல்கியின் படைப்புகளுக்கும் அவ்வாறே நேர்ந்தது. 1954 டிசம்பரில் அவர் மறைந்தபொழுது, 'அமரதாரா' என்னும் நாவல் முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய புதல்வியார் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன், 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். பின்னர்ப் பாலகுமாரன் 'உடையார்' என்னும் பெருநாவலில் இராசராசனையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் தமக்குரிய பார்வையில் தீட்டினார். இவற்றை விரும்பிப் படித்தவர்கள் பலர். "கல்கியின் வந்தியத்தேவன் இவன் அல்லன்" என்று மனம் குறைப்பட்டவர்களும் உளர்.

அந்தக் குறை பெருவாதமாக வளர்ந்தது, இயக்குநர் மணிரத்னம் அக்கதையைத் திரைப்படமாக்கியபொழுது. முதற்பாகம் 2022 செப்டம்பரிலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. மணிமேகலை என்னும் பாத்திரம் படத்தில் இடம்பெறவில்லை. சேந்தன் அமுதனே மெய்யான மதுராந்தகன் என்று வெளிப்பட்டு முடிசூடும் நாவலின் திருப்பமும் கைவிடப்பட்டது. "எங்கள் நெஞ்சில் எழுபது ஆண்டுகளாக வாழ்ந்த கதையைச் சிதைத்துவிட்டனர்" என்றனர் ஒரு சாரார். "ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடக்குவோர் சிலவற்றைத் துறந்தே ஆகவேண்டும், புதிய தலைமுறை நூலைத் தேடி வாங்குவதே ஆதாயம் அன்றோ?" என்றனர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் பேசியவற்றுள் ஒரு பகுதியை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். "வரலாற்றையே மாற்றிவிட்டனர்" என்ற குற்றச்சாட்டும் அப்பொழுது எழுந்தது. வரலாறு என்ன கூறுகிறது? காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் குந்தவையாரின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரைச் சுட்டுகின்றன. இவை வரலாறு. நந்தினியோ கல்கியின் கற்பனை. உத்தம சோழர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த மைந்தர் என்பதே வரலாற்றாசிரியர் கொள்கை. குழந்தை மாறிய கதை நாவலாசிரியர் புனைந்தது. ஆதலின், அவ்வோரிடத்தில் திரைப்படம் நாவலைவிட்டு விலகியது உண்மை. வரலாற்றைவிட்டு விலகியது என்பது பொருந்தாது. அன்புமிக்க வாசகர் கல்கியின் கற்பனையைக் கல்வெட்டாகவே கருதிவிட்டனர். அதுவே அவருடைய எழுத்தின் வெற்றி. அதுவே மாணவர்களுக்கு எச்சரிக்கையும் ஆகும்.

மேனாடுகளிலும் இத்தகைய பூசல்கள் உண்டு. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை 1893-இல் கதையில் மாளச் செய்த கானன் டாயில், வாசகர் விருப்பத்திற்கு இணங்கிப் பின்னர் மீண்டும் உயிர்ப்பித்தார். படைத்தவருக்கே முழு உரிமை இல்லை போலும்! 1977-இல் ஜார்ஜ் லூக்காஸ் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் கதை, 2012-இல் டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு மாறியது. புதியவர்கள் எடுத்த 2017-ஆம் ஆண்டுப் படத்தில், பழைய வீரன் லூக் மனம் சோர்ந்து ஒதுங்கியவனாகக் காட்டப்பட்டான். அதுபற்றி அன்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினர். இங்கிலாந்தின் பி.பி.சி. 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரோ வேறொரு வழி கண்டது. நாயகன் தன் உருவையே மாற்றிக்கொள்ளும் இயல்பினன் என்று 1966-இல் அமைத்தனர். புதிய நடிகர் வருவது கதையின் விதிகளுள் ஒன்றாகவே ஆயிற்று.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? சினங்கொள்ளும் வாசகரை ஏளனம் செய்தல் தகாது. மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்தவர்களும், அவர்கள்வழிக் கேட்டு வளர்ந்தவர்களுமே அக்கதையை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தனர். ஆயினும், காப்போர் மட்டுமே இருந்தால் கதை பேழைக்குள் உறங்கிவிடும். வளர்ப்போர் மட்டுமே இருந்தால் அது தன் முகத்தை இழந்துவிடும். இருவரும் வேண்டும்.

புதிய ஆசிரியரை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். மூலத்தை அவர் நன்கு கற்றாரா? மாற்றியதற்குக் கதையிலேயே காரணம் உண்டா? மாற்றத்தால் பாத்திரத்தின் பண்பு விளங்கிற்றா, மங்கிற்றா? வாதிடப் புகும் மாணவனும் தன்னை ஒரு வினா கேட்டுக்கொள்ளல் வேண்டும்: நான் காக்க நினைப்பது வரலாற்றையா, கதையையா, என் இளமை நினைவையா? மூன்றும் அன்புக்குரியனவே; ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவதற்குக் கல்வெட்டைச் சான்று காட்டுக. இரண்டாவதற்கு நூலைக் காட்டுக. மூன்றாவதற்குச் சான்று தேடற்க. அதனைப் பிறர்மேல் சுமத்தாமல், உள்ளத்தில் போற்றி வைத்துக்கொள்க.