குளிர்காலக் கணக்கு: ஒரு பேஸ்பால் அணி மூன்று ஊர்களை இழந்த கதை

'மணிபால்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2011இல் வந்தது, பிராட் பிட் நடித்தது. பேஸ்பால் விதி ஒன்றுகூடத் தெரியாமல் அதை இரண்டு முறை பார்த்தவன் நான். 2001ஆம் ஆண்டு ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வெளியேறுகிறது. ஆட்டப் பருவம் முடிந்த இடத்தில்தான் படம் தொடங்குகிறது. குளிர்காலம் வந்ததும் அணியின் பெரிய மட்டையாளர் ஜேசன் ஜியாம்பி, ஏழு ஆண்டுக்கு 120 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் அதே யாங்கீஸுக்குப் போய்விடுகிறார். கையில் மிச்சமிருக்கும் பணத்தை வைத்து ஓர் அணியைக் கட்டுவது எப்படி? புள்ளிவிவரத்தைக் கொண்டு கட்டுகிறார்கள். 2002இல் தொடர்ந்து 20 ஆட்டங்களை வெல்கிறார்கள். 'காசு இல்லாதவன் மூளையால் ஜெயித்தான்' என்று நானும் கைதட்டினேன்.

பிறகு அந்த அணியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கைதட்டியது கொஞ்சம் உறுத்தியது. 'காசு இல்லை' என்ற வசனம் 2001இல் எழுதப்பட்டதல்ல. அதற்கு அப்போதே கிட்டத்தட்ட 90 வயது.

அமெரிக்கப் பேஸ்பால் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும். மீதி மாதங்களில் ஆட்டம் இருக்காது, பேச்சு இருக்கும். அந்தப் பேச்சுக்கு 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று பெயர். பனிக்காலத்தில் கடைகளின் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து அரட்டை அடித்த காலத்தில் பிறந்த பெயர் அது. யார் போகிறான், யார் வருகிறான், எந்த முதலாளி சம்பளச் செலவைக் குறைக்கிறார் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். நம் ஊர்களில் கால்பந்து ரசிகர்கள் ஜனவரி மாதம் பேசும் அதே பேச்சுதான். "இவனுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் ஒப்பந்தம் இருக்கு. இப்பவே வித்தாதான் நல்ல விலை கிடைக்கும்." இதைச் சொல்பவர் ரசிகர். விற்றால் அவருக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. ஆனாலும் முதலாளியின் கணக்கைத் தன் கணக்காக நினைத்துப் பேசுகிறார். அந்தக் கணக்கு ரசிகரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அத்லெட்டிக்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதல் ஊர் பிலடெல்பியா. 1901 முதல் 1950 வரை, 50 பருவங்கள், அணியை நடத்தியவர் கானி மாக். அணியில் அவருக்குப் பங்கும் உண்டு. 1910, 1911, 1913 என மூன்று முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றார். 1914இல் 99 ஆட்டங்களை வென்ற அணி, இறுதித் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் வரிசையாக நான்கு ஆட்டங்கள் தோற்றது. அப்போது ஃபெடரல் லீக் என்றொரு போட்டி லீக் முளைத்து அதிகச் சம்பளம் காட்டி ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டிருந்தது. ஈடுகொடுக்க மாக்கால் முடியவில்லை, அல்லது மனமில்லை. அந்தக் குளிர்காலத்தில் எடி காலின்ஸை 50,000 டாலருக்கு சிகாகோவுக்கு விற்றார். பந்தெறிபவர்கள் பெண்டரும் பிளாங்கும் ஃபெடரல் லீக்குக்குப் போனார்கள். 1915இல் அணி 109 தோல்வி, 1916இல் 117 தோல்வி. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம்.

பிலடெல்பியாக்காரர்கள் காத்திருந்தார்கள். மாக் மறுபடியும் ஓர் அணியைக் கட்டினார். 1929, 1930 இரண்டு ஆண்டும் வேர்ல்ட் சீரிஸ், 1931இல் லீக் பட்டம். அதற்குள் பெருமந்தம் வந்துவிட்டது. வேலை இழந்தவர் எங்கே டிக்கெட் வாங்குவார்? 1932இல் அல் சிம்மன்ஸ் போனார். 1933 டிசம்பரில் லெஃப்டி குரோவ் பாஸ்டனுக்கும், கேட்சர் மிக்கி காக்ரேன் 100,000 டாலருக்கு டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். காக்ரேன் தலைமையில் டெட்ராய்ட் 1934இல் லீக் பட்டத்தையும் 1935இல் வேர்ல்ட் சீரிஸையும் வென்றது. 1935 டிசம்பரில் ஜிம்மி ஃபாக்ஸும் விற்கப்பட்டார்.

மாக்கை வில்லனாக்க எனக்கு மனமில்லை. வேறு தொழில் இல்லாதவர், டிக்கெட் காசில் அணியை ஓட்டியவர். அவர் சொன்ன காரணம் இரண்டு முறையும் உண்மைதான். ஆனால் விற்ற அணியைப் பார்க்கக் கூட்டம் வராது. கூட்டம் வராததால் காசு வராது. காசு வராததால் மறுபடியும் விற்பார்கள். 1954இல் அணியே விற்கப்பட்டு, 1955இல் கன்சாஸ் சிட்டிக்குப் போனது.

இரண்டாவது ஊரின் கதை சின்னது, ஆனால் கசப்பு அதிகம். புதிய முதலாளி ஆர்னால்ட் ஜான்சன் அதற்கு முன் யாங்கீஸ் ஆடும் மைதானத்தின் சொந்தக்காரர். அவர் காலத்தில் கன்சாஸ் சிட்டியின் நல்ல ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக யாங்கீஸுக்குப் போனார்கள். 1959 டிசம்பரில் போனவர் ரோஜர் மாரிஸ். 1961இல் யாங்கீஸ் சட்டையில் 61 ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தவர் இவர்தான். அடுத்த முதலாளி சார்லி ஃபின்லி 1968இல் அணியைத் தூக்கிக்கொண்டு ஓக்லண்டுக்குப் போனார்.

இதுவரை 'விற்றார்', 'போனார்' என்றே எழுதிவந்தேன். விற்கப்பட்டவரிடம் யாராவது கேட்டார்களா? இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்குத்தான் சொந்தம். 1969இல் செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃப்ளட் பிலடெல்பியாவின் இன்னோர் அணியான ஃபில்லீஸுக்கு மாற்றப்பட்டபோது, 'நான் போகமாட்டேன்' என்று வழக்குப் போட்டார். அவர் கறுப்பினத்தவர், ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கியவர். சம்பளம் எவ்வளவு என்பதல்ல, என்னை வாங்கி விற்கலாமா என்பதே அவர் கேள்வி. 1972இல் உச்ச நீதிமன்றம் 5–3 என அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. ஆனால் 1975 டிசம்பரில், வேறு இரண்டு பந்தெறிபவர்களின் வழக்கில், நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த விதியை உடைத்தார்.

அதன் முதல் அடி விழுந்த இடங்களில் ஒன்று ஓக்லண்ட். 1972, 1973, 1974 மூன்று ஆண்டும் தொடர்ந்து வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணி அது. ஆட்டக்காரர்கள் இனி சும்மாவே போய்விடுவார்கள் என்று கண்ட ஃபின்லி, 1976 ஜூன் 15 அன்று மூவரை மொத்தம் 3.5 மில்லியன் டாலருக்கு விற்றார். மூன்றே நாளில் பேஸ்பால் ஆணையர் போவி கூன் விற்பனையை ரத்து செய்தார். பருவம் முடிந்ததும் பாதி அணி தானாகவே கலைந்தது. 1979இல் ஓர் ஏப்ரல் இரவு, அந்தப் பிரம்மாண்ட மைதானத்துக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டவர்கள் 653 பேர்.

இப்போது 'மணிபால்' படத்தை மறுபடி பாருங்கள். 2001இன் குளிர்காலம் அந்த நீண்ட வரிசையில் இன்னொன்று. கெட்டிக்காரத்தனம் உண்மைதான். ஆனால் ஏழ்மையைக் கெட்டிக்காரத்தனமாகக் காட்டக் கற்றுக்கொண்ட முதலாளிகளுக்கு அந்தக் கதை எவ்வளவு வசதி! ரசிகர்களும் "செலவு குறைச்சல், வெற்றி அதிகம்" என்று பெருமையாகப் பேசப் பழகினார்கள்.

2022 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் கிறிஸ் பாசிட், மேட் ஓல்சன், மேட் சாப்மன் மூவரும் மூன்று வெவ்வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு 102 தோல்வி, அடுத்த ஆண்டு 112. 2023 ஏப்ரலில் அணி லாஸ் வேகஸுக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. கூட்டம் வரவில்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அப்போது ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். புறக்கணிப்பதற்குப் பதிலாக, ஜூன் 13 அன்று வேண்டுமென்றே திரண்டு வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் 27,759 பேர். பச்சைச் சட்டையில் ஒரே ஒரு சொல்: 'செல்'. விற்றுவிடு. நூறு வருடமாக முதலாளிகள் ஆட்டக்காரர்களைப் பார்த்துச் சொன்ன சொல்லை, ரசிகர்கள் முதலாளி ஜான் ஃபிஷரைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள். வித்துடணும்னா ஆட்டக்காரனை இல்லை, அணியை வித்துட்டு நீ போ. கணப்படுப்புப் பேச்சில் நான் கேட்ட ஒரே புதிய வாக்கியம் அதுதான்.

அவர் விற்கவில்லை. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம் நடந்தது. வந்தவர்கள் 46,889 பேர். அணி ஜெயித்தது. அந்த டிசம்பரிலேயே லூயிஸ் செவரீனோ என்ற பந்தெறிபவருக்கு மூன்று ஆண்டுக்கு 67 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதுவரையிலான அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். ஓக்லண்டில் இல்லாத காசு, ஓக்லண்டை விட்டு வந்த மூன்றாவது மாதம் இருந்தது.

லாஸ் வேகஸ் மைதானம் தயாராகும்வரை அணி சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. அதன் பெயரில் இப்போது எந்த ஊரும் இல்லை. வெறும் 'அத்லெட்டிக்ஸ்'. போன வாரம் டீக்கடையில் ஒரு கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றி, "இவன வித்துட்டா என்ன?" என்று என் வாயில் தானாக வந்தது. யார் கணக்கை நான் பேசுகிறேன் என்று யோசித்ததில் தேநீர் ஆறிப்போனது.