பொட்டிக்கு முன்னாடி ஒரு தராசு

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் நூல் மில்லுல பொட்டி தட்டுற வேலைன்னா பாதி பிரிண்டர் ரிப்பேர், மீதி எக்செல். அந்த மீதிக்கு இப்ப 'டேட்டா அனலிடிக்ஸ்'னு பேரு. பேரு மட்டும்தான் புதுசு மக்களே. கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மில்லுங்கள்ல அந்த வேலை நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

நாற்பதாம் நம்பர் நூல்னு சொல்றோமே, அந்த நாற்பதே ஒரு டேட்டாதான். 840 கெஜம் சேர்ந்தா ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிக்குதோ அதுதான் கவுண்ட். அவ்வளவு நூலை யாரு அளக்குறது? அதனால சிட்டத்துல ஏழில் ஒரு பங்கு, 120 கெஜத்தை மட்டும் ரேப் ரீல்ல சுத்தி தராசுல வைப்பாங்க. 64.8-ஐ அந்த கிராம் எடையால வகுத்தா கவுண்ட். 1.62 கிராம் நின்னா நாற்பது. 1.70 நின்னா முப்பத்தெட்டுதான். நூல் தடிச்சிருக்கு, பஞ்சு கூடுதலா போகுதுன்னு அர்த்தம்.

சரி, ஒரு தடவை 1.70 வந்தா உடனே மிஷினை நிறுத்தணுமா? இல்ல, எப்பவும் இருக்குற ஏத்த இறக்கம்தானா? இந்தக் கேள்விக்கு வழி சொன்னவர் வால்டர் ஷூவார்ட். அமெரிக்காவுல டெலிபோன் சாமான் செய்யுற வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்ல இருந்தவர். 1924 மே மாசம் அவர் எழுதிக் கொடுத்த ஒத்தைப் பக்கக் குறிப்புலதான் கண்ட்ரோல் சார்ட் பிறந்துச்சு. மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. நடுவுல ஆடுனா விட்டுடு, தாண்டுனா காரணம் தேடு. மனுஷன் 1947-48ல மஹலனோபிஸோட இந்தியப் புள்ளியியல் கழகம் கூப்பிட்டு இந்தியாவுக்கே வந்திருக்கார்!

1956ல கோயமுத்தூர்ல சிட்ரா வந்துச்சு. மில்லுக்கு மில்லு கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிற பழக்கம் அதோட வளர்ந்துச்சு. அடுத்த வருஷமே சுவிஸ்காரங்க உலக மில்லுகளோட நூல் தரத்தை 'உஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்'னு வெளியிட ஆரம்பிச்சாங்க. நம்மூர் நூல் உலகத்துல எந்த இடத்துல நிக்குதுன்னு ஒரு மாஸ்டரால பார்க்க முடிஞ்சுது.

கம்ப்யூட்டர் கதையை வேகமா சொல்லிடறேன். 1978ல ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்புச்சு. 1986ல பெங்களூர்ல டாலி. அதுவும் மில்லுகளுக்குச் சாமான் சப்ளை பண்ணிட்டிருந்த அப்பா, தன் கணக்குக்கு ஒத்து வர்ற சாப்ட்வேர் கிடைக்கலைன்னு மகனை எழுதச் சொன்னது. (நூல் எங்கெல்லாம் போகுது பாருங்க :-)) அப்புறம் மிஷினே எண்ணிக்கையை நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு.

இங்கதான் எனக்கு இடிக்குது. மில்லுல 'ஹோக்'னு ஒரு கணக்கு உண்டு. 100 கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்-மணி நேரம் ஆச்சுங்கறது. கவுண்ட்ங்கறது நூலைப் பத்தின நம்பர், ஹோக் ஆளைப் பத்தின நம்பர். அது ஏறுனா மொதல் கேள்வியே "எத்தனை ஆளைக் குறைக்கலாம்?"தான்.

2012 ஞாபகம் இருக்கில்ல? சென்னைக்கு வெளிய நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாத நாளுங்க. அந்த வருஷ ஃபைலை எங்க மில்லுல இப்ப கிராஃப் போட்டா ராத்திரி ஷிப்ட் அதல பாதாளத்துல கெடக்கு. பார்க்கிறவங்க சோம்பேறிப் பசங்கன்னு முடிவு கட்டிடுவாங்க. பழைய ஷிப்ட் நோட்டுல மட்டும் ஓரத்துல பென்சில்ல 'கரண்ட் இல்லை 2-5'னு இருக்கு. அந்த ஓரத்தை நோட்டிலிருந்து ஃபைலுக்கு ஏத்துனவங்க விட்டுட்டாங்க, அதுக்குக் கட்டமே இல்லையே. இப்ப இருக்கற சாப்ட்வேர்ல 'காரணம்'னு கட்டம் இருக்கு. பாதிக்கு மேல 'மற்றவை'ன்னு அழுத்தியிருக்காங்க.

"நம்பரை எழுதுறதுக்குத்தானுங்க தம்பி நோட்டு, நாயத்தை எழுதுறதுக்குத்தான் ஓரம்"னார் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருத்தர்.

அந்த நோட்டுங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடலாம்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்துக்கிட்டிருக்கேன். இப்போதைக்கு செப்டம்பர் வரைக்கும் வந்திருக்கு.