‘=’ என்றால் விடை எழுதும் இடமா? குட்டீஸுக்குக் கூட்டல், கழித்தல் எழுதப் பழக்கும் வழிகள்!

உங்கள் வீட்டு ஒன்றாம் வகுப்புக் குட்டிக்கு ஒரு சின்ன டெஸ்ட். ‘3 + 2 = __’ என்று எழுதிக் கொடுங்கள். டக்கென்று 5 போட்டுவிடும். அடுத்து, ‘3 + 2 = __ + 1’ என்று கொடுங்கள். நிறைய குழந்தைகள் இதற்கும் 5 என்றே எழுதுவார்கள்.

கணக்கு வரலைன்னு பதறாதீர்கள். ‘=’ என்றால் ‘இங்கே விடை எழுது’ என்று குழந்தை புரிந்துவைத்திருக்கிறது, அவ்ளோதான். ஆனால், இதை இப்போதே சரிசெய்யாவிட்டால், பின்னாளில் இயற்கணிதச் சமன்பாடுகள் வரும்போது திணறும்.

முதலில் கை

தட்டில் 3 புளியங்கொட்டை வையுங்கள். இன்னும் 2 போட்டு, “இப்போ மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். குழந்தையே தொட்டு எண்ணட்டும். எதையும் வாயில் போடும் வயதில் தம்பி, தங்கை இருந்தால், கொட்டைக்குப் பதில் டம்ளர், ஸ்பூன் போதும்.

அடுத்து படம்

எண்ணியதை நோட்டில் வட்டங்களாக வரையச் சொல்லுங்கள். கழித்தல் என்றால், எடுத்ததை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணலாம்.

கடைசியில் குறி

“தட்டுல 5 இட்லி. 2 சாப்பிட்டாச்சு. மிச்சம்?” கதையைச் சொல்லிக்கொண்டே 5 − 2 = 3 என எழுதிக் காட்டுங்கள். சில குழந்தைகள் 2 − 5 என்று மாற்றி எழுதும். அப்போது, “முதல்ல எத்தனை இருந்துச்சு?” என்று கேளுங்கள். அந்த எண்தான் முதலில் வர வேண்டும்.

சமம்னா சமம்தான்!

வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட், 1557-ல் தன் கணித நூலில் ‘=’ குறியை அறிமுகப்படுத்தினார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பதே அவர் சொன்ன காரணம். குழந்தைக்குத் தராசை உதாரணம் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தால்தான் தட்டு சாயாமல் நிற்கும். 5 = 3 + 2, 4 + 1 = 3 + 2 என்று மாற்றி மாற்றி எழுதிப் பழக்குங்கள்.

தப்பாக எழுதினால் உடனே அழிக்காதீர்கள். “இது எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். சொல்லும்போதே பல குழந்தைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

சில வாரம் கழித்து அதே டெஸ்ட்டை மறுபடி கொடுங்கள். கோடிட்ட இடத்தில் 4 வந்தால், உங்கள் குட்டிக்குச் சமம் புரிந்துவிட்டது!