பாலத்தை மூடினா வண்டியெல்லாம் எங்கே போகும்?

வடக்கு லண்டனில் ஹாரிங்கேன்னு ஒரு பகுதி இருக்கு. வரைபடத்தில் பார்த்தா அச்சு அசல் ஏணி மாதிரியே இருக்கும். மேற்குக் கால் வைட்மன் ரோடு, கிழக்குக் கால் கிரீன் லேன்ஸ். நடுவில் படி படியா கிட்டத்தட்ட இருபது தெரு. ஊர்க்காரங்களும் 'ஏணி'ன்னுதான் சொல்றாங்க. இந்த ஏணியோட ஒரு காலை 2016-ல் மாசக்கணக்கில் கட்டிப்போட்டாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1868-ல் டாட்டன்ஹாம் - ஹாம்ப்ஸ்டெட் ஜங்ஷன் ரயில்வே இந்தப் பக்கமா ஒரு பாதை போட்டது. அப்போ இங்கே ஏணியோட படித்தெருவெல்லாம் கிடையாது. ஹாரிங்கே ஹவுஸ்னு ஒரு பெரிய மாளிகை, சுத்தி அதோட நிலம், அவ்வளவுதான். 1880களில் நிலத்தை பிரிட்டிஷ் லேண்ட் கம்பெனி வாங்கி மனை போட்டு வித்தது. மாளிகை 1885-ல் இடிஞ்சது, ஏணி எழுந்தது. ஆக ரயில்தான் இங்கே மூத்த குடி, தெருவெல்லாம் பின்னாடி வந்தது. ஏணியோட தெற்கு நுனியில் வைட்மன் ரோடு அந்தத் தண்டவாளத்தைப் பாலம் வழியா தாண்டுது.

2024 வரைக்கும் அந்தப் பாதைக்குப் பேர் காஸ்பல் ஓக் - பார்க்கிங் லைன். நம்ம ஆட்களுக்குத் தெரிஞ்ச பாதைதான். ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறவங்க உட்கிரேஞ்ச் பார்க்கில் ஏறி அப்பர் ஹாலோவேயில் இறங்கினா, ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போயிடலாம். லண்டன் நடுவுக்கே போகாத ரயில். ரொம்ப காலம் டீசல் வண்டிதான், அதுவும் ரெண்டே பெட்டி. நெரிசல் எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

அதனால மின்சாரமாக்க முடிவு பண்ணாங்க. 25,000 வோல்ட் கம்பி தலைக்கு மேல ஓடணும்னா, பாலத்துக்கும் வண்டிக்கும் நடுவில் போதுமான இடைவெளி வேணும். பழைய பாலங்களுக்கு அடியில் அது கிடையாது. ஒண்ணு தண்டவாளத்தைக் கீழே இறக்கணும், இல்லைன்னா பாலத்தை மாத்தணும். வைட்மன் ரோடு பாலத்தை மாத்த 2016 வசந்தத்தில் சாலையை மூடினாங்க. அதே வருஷம் ஜூனிலிருந்து 2017 பிப்ரவரி வரைக்கும் ரயிலையும் பகுதி பகுதியாவும் முழுசாவும் நிறுத்தினாங்க. மேல போறவனுக்கும் வழி இல்லை, கீழே போறவனுக்கும் வழி இல்லை! போதாக்குறைக்கு, கம்பியைத் தாங்குற சில கட்டமைப்புகளைத் தப்பா வடிவமைச்சதால வேலை சொன்ன நேரத்துக்கு முடியலை. மின்சார ரயில் ஓட 2019 மே ஆயிடுச்சு.

சரி, சாலைக்கு வருவோம். வைட்மன் ரோடு பேருக்குத்தான் வீடுகள் இருக்கிற தெரு. உண்மையில் கிரீன் லேன்ஸ் நெரிசலுக்குப் பயந்தவங்களோட குறுக்குவழி. பாலம் மூடினதும் அந்த வண்டிகளுக்கு அங்கே வேலை இல்லாமப் போச்சு. தெருவில் சத்தம் அடங்கிடுச்சு. பிள்ளைங்க சைக்கிள் எடுத்துட்டு வெளியே வந்தாங்க. ஜனங்க இதைப் பார்த்துட்டு, 'இப்படியே இருந்தா என்ன?'ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. வாகனம் குறைஞ்ச வைட்மன் ரோடு வேணும்னு ஒரு இயக்கமே கிளம்பிச்சு.

ஆனா ஏணிக்கு ரெண்டு கால் இருக்கே! கிரீன் லேன்ஸ் துருக்கி, குர்து, சைப்ரஸ் மக்களோட கடைத்தெரு. 29, 141 பஸ்ஸெல்லாம் அதில்தான் போகும். வைட்மனை விட்டு வந்த வண்டியும் சேர்ந்து அங்கே நெரிசல் கூடிச்சு. சரக்கு இறக்கணும், பஸ் பிடிச்சு வேலைக்குப் போகணும், கடைக்கு மேல மாடியில் குடியிருக்கணும்... அங்கே இருக்கிறவங்களுக்கும் நுரையீரல் இருக்கு. ஒரு தெருவோட நிம்மதிக்கு இன்னொரு தெரு விலை கொடுக்குதுன்னு அவங்க சொன்னதில் நியாயம் இருந்தது.

அப்போ மூடின சாலையோட வண்டி மொத்தமும் பக்கத்து சாலைக்கு வந்துடுதா? இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், பில் குட்வின் மூணு பேரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 11 நாடுகளில் 70க்கும் மேற்பட்ட இடங்களை எடுத்துக்கிட்டாங்க. எல்லாமே சாலையோ பாலமோ மூடின, இல்லைன்னா குறுக்கின இடங்கள். அதில் பாதி இடங்களில், முன்னாடி அந்தச் சாலையில் போன வண்டிகளில் 11 சதவீதத்துக்கும் மேல் சுத்துவட்டாரத்தில் எங்கேயும் கணக்கில் வரலை. வண்டி மாயமா மறையலைங்க. சிலர் நடந்தாங்க, சிலர் நேரத்தை மாத்தினாங்க, சிலர் ரெண்டு வேலையை ஒரே நடையில் முடிச்சாங்க, சிலர் போகவே இல்லை. மனுஷங்க தண்ணி இல்லையே, ஒரு பக்கம் அடைச்சா அப்படியே இன்னொரு பக்கம் வழியறதுக்கு :-)

ஆனா அந்தப் 'போகவே இல்லை'யில் எனக்கு ஒரு உறுத்தல். வேண்டாத பயணத்தை விட்டவனும் அதில்தான் இருக்கான், வேணும்னும் போக முடியாம வீட்டோட உட்கார்ந்த வயசானவரும் அதில்தான் இருக்கார். எண்ணிக்கை ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பார்க்கும்.

பாலம் திறந்துச்சு, வண்டிகள் திரும்பி வந்துச்சு. கவுன்சில் அந்த வட்டாரப் போக்குவரத்தை முழுசா ஆய்வு பண்ணி, பல யோசனைகளை மக்கள் முன்னாடி வெச்சது. கடைசியில் வைட்மன் ரோட்டை மூடுற யோசனை நிறைவேறலை. ஆனா கேள்வி சாகலை. 2022-ல் கிரீன் லேன்ஸுக்குக் கிழக்கே, செயிண்ட் ஆன்ஸ் பகுதியில் அதே கவுன்சில் குறுக்குவழி வண்டிகளைத் தடுக்கிற திட்டம் கொண்டு வந்தது. அங்கேயும் இதே சண்டைதான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம்ம யானைக்கவுனிப் பாலம் ஞாபகம் வருது. சென்ட்ரலுக்கு வர்ற தண்டவாளங்களுக்கு மேல 1933-ல் கட்டினது. வால்டாக்ஸ் ரோட்டையும் சூளை பக்கத்து ராஜா முத்தையா சாலையையும் சேர்க்கும். பலவீனமாயிடுச்சுன்னு வருஷக்கணக்கில் மூடி, இடிச்சுக் கட்டி, 2024-ல்தான் ஒரு பகுதியாவது திறந்தது. தண்டவாளத்துக்கு மேல இருக்கிறது ரயில்வே வேலை, ரெண்டு பக்க ஏற்றமும் மாநகராட்சி வேலை. அதுவரைக்கும் சவுகார்பேட்டை பக்கம் போக பேசின் பிரிட்ஜையோ சென்ட்ரலையோ சுத்தணும்.

எத்தனை கோடி, எத்தனை மீட்டர், யார் ரிப்பன் வெட்டினாங்கன்னு எல்லாம் ஆவணத்தில் இருக்கும். அந்த வருஷங்களில் யார் வாடிக்கையாளரை இழந்தாங்க, எந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் மாறினா, எந்தத் தெரு நிம்மதியா தூங்கினது - இதையெல்லாம் யார் எழுதுவா? ஏணியில் ரெண்டு கால்காரங்களும் வாய் திறந்து சண்டை போட்டதால்தான், அந்த சில மாசங்கள் வரலாறா நிக்குது. பாலம் திறந்த மறுநாளே சுத்தின வழி மறந்து போகும். உங்க ஊர்லயும் ஒரு ரயில்வே பாலம் மூடிக் கிடந்திருக்கும். மறக்கறதுக்குள்ள எழுதி வைங்க மக்களே, நான் படிக்கக் காத்திருக்கேன்.