ஏடும் எலும்பும்

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் இரவு ஏறாவூர் முஸ்லிம் குடியிருப்புகளுள் விடுதலைப் புலிகள் புகுந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் 158 பேரை இராணுவத்தினர் ஏற்றிச் சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின், சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இராணுவம் பிடித்துச் சென்ற 184 பேர் கொல்லப்பட்டனர். இரு சமூகத்தாரும் தத்தம் இழப்பைத் தனித்தனியே எண்ணி வைத்திருக்கின்றனர். ஆயினும் வழக்கு மன்றம் ஏறினால் இருவர் முன்னும் வைக்கப்படும் கேள்வி ஒன்றே: இந்தத் தாள், இந்த எலும்பு, நீர் சொல்லும் அதுவேதான் என்பதற்கு என்ன உறுதி?

இக்கேள்விக்கு விடை கூறும் சட்டம் பழையது. இந்தியாவுக்கென 1872இல் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் வரைந்த சான்றுச் சட்டத்தைத் தழுவி, 1895இல் இலங்கையில் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 90ஆம் பிரிவு நம் கவனத்துக்குரியது. முப்பதாண்டு பழமையான ஆவணம், இயல்பாக இருக்க வேண்டிய இடத்திலிருந்து எடுத்து வரப்படுமாயின், அதன் கையெழுத்தும் ஒப்பமும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். எழுதியவரும் சாட்சியிட்டவரும் மாண்டபின் பழைய நில உறுதிகளை மெய்ப்பிக்க இயலாது தவித்த சொத்துடையோருக்கே இவ்விதி பெரிதும் பயன்பட்டது. ஏழைகளின் பிணக்கணக்குக்கும் அது ஒருநாள் உதவக்கூடுமென்று அதனை வரைந்தவர் நினைத்திருக்கமாட்டார்!

1990இல் எழுதப்பட்ட தாள்களுக்கு 2020இல் முப்பதாண்டு நிறைந்துவிட்டது. பள்ளிவாசலிலோ கோயிலிலோ அகதி முகாமிலோ அன்றே எழுதிய இறந்தோர் பட்டியல் ஒன்று அங்குள்ள பெட்டியிலேயே இருக்குமாயின், அது இன்று முன்னைவிட வலிமை பெற்று நிற்கிறது. ஆனால் எல்லையையும் அறிதல் வேண்டும். ‘அனுமானிக்கலாம்’ என்றே சட்டம் சொல்கிறது. ‘அனுமானிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. மேலும், எழுதிய கை இன்னாருடையது என்பதற்கே இவ்வனுமானம். எழுதப்பட்ட செய்தி மெய் என்பதற்கன்று.

காலம் தாளுக்குச் செய்யும் இந்த உதவியை எலும்புக்குச் செய்வதில்லை. மன்னாரில் 2018இல் சதொச கட்டிடத்துக்கு நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் காணப்பட்டன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்றன. அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என 2019இல் அறிக்கை வந்தது. சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். காணாமற்போனோரின் தாய்மாரோ அதை ஏற்கவில்லை. கரிமச் சோதனையை நாம் பழிக்க வேண்டியதில்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டு வெடிப்புகள் காற்றில் கதிரியக்கக் கரிமத்தைப் பெருக்கிவிட்டன. அதன்பின் வாழ்ந்தவனின் எலும்பில் அந்த அடையாளம் கிடக்கிறது. ஐந்நூறாண்டு எலும்பையும் 1990இன் எலும்பையும் அது பிரித்தறிய வல்லது. ஆனால் ஆய்வுகூடம் தனக்கு வந்த துண்டைப் பற்றியே பேசும். அது எந்தக் குழியின் எந்த மண்ணடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது, பையை முத்திரையிட்டவர் யார், இடையில் எவர் கையில் இருந்தது என்பவற்றை எடுத்தவர்களே எழுதிக் காட்ட வேண்டும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே குருக்கள்மடத்தின் கதையைப் பாருங்கள். 1990 ஜூலையில் அவ்வழியே ஊர் திரும்பிய முஸ்லிம் பயணிகளைப் புலிகள் கொன்று புதைத்ததாக உறவினர் முறையிட்டனர். 2014இல் விவகாரம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. தோண்டும் பணி தள்ளிப்போயிற்று. 2025இல் மீண்டும் அதே மன்றத்தின் முன் வந்தது. இடைப்பட்ட பதினோராண்டில் நேரிற் கண்டவர் எத்தனை பேர் முதுமையால் மறைந்திருப்பர்!

தாள் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மங்கிய பட்டியலை அழகாகப் பெயர்த்தெழுதிவிட்டு மூலத்தை எறிந்துவிடும் வழக்கம் நம் சங்கங்களில் உண்டு. பெயர்த்தெழுதுங்கள், படமும் எடுங்கள். ஆனால் கறைபட்ட அந்தப் பழைய தாளையும் அது கிடந்த உறையையும் அதே பெட்டியில், அதே இடத்தில் வையுங்கள். பெட்டியின் பொறுப்பு கைமாறும்போது யாரிடமிருந்து யாருக்கு, எந்த நாளில் என்று இருவரும் ஒப்பமிட்டு ஒரு வரி எழுதிவையுங்கள்.