தொலேதோ நகரும் மொழிபெயர்ப்பாளரும்

ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மாட்ரிட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தொலேதோ, ஒரே நாளிற் சென்று மீளத்தக்க பழம்பெரு நகராகும். காலையிற் பஸ் ஏறுவோர் ஒரு மணி நேரமளவில் அங்குச் சேர்ந்து, வழிகாட்டியின் பின்னே நகரைச் சுற்றிப் பார்த்து மாலையில் மீள்வர். யாமும் அவ்வாறே சென்றோம். தாஹோ ஆறு மூன்று புறமும் ஆழ்ந்த பள்ளத்தில் வளைந்தோட, கருங்கற் குன்றின்மீது நகர் அமைந்துள்ளது. இயற்கையே அகழி வகுத்த இவ்விடத்தை உரோமர் கி.மு. 2ஆம் நூற்றாண்டிற் கைப்பற்றினர். பின்னர் விசிகோத்தியர் இதனைத் தம் தலைநகராக்கினர். 711இல் ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் படையினர் விரைவில் இதனையும் வென்றனர். 1085இல் ஆறாம் அல்போன்சோ என்னும் கிறிஸ்தவ மன்னன் இதனைத் தனதாக்கினான். 1561இல் இரண்டாம் பிலிப்பு அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றியபின் நகரின் வளர்ச்சி குன்றியது. அக்குறைவே அதன் பழைமையைக் காத்தது போலும்.

வழிகாட்டி எம்மை முதலில் அழைத்துச் சென்றது ஒரு சிறு பள்ளிவாசலுக்கு. செங்கற்களையே எழுத்தாக அடுக்கிய அதன் முகப்பின் அறபுச் சாசனம், அது 999இல் எழுந்ததென்று கூறுகின்றது. உள்ளே ஒன்பது சிறு குவிமாடங்கள். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அது பின்னர் கிறிஸ்தவ ஆலயமாயிற்று. யூதர் வாழ்ந்த பகுதியிலே, வெண்ணிற வளைவுகள் நிரைநிரையாக நிற்கும் செபக்கூடம் ஒன்று இன்று மரியன்னையின் பெயரால் வழங்குகின்றது. அதற்கு அணித்தாயுள்ளது, பேத்ரு மன்னனின் பொருளமைச்சராயிருந்த சாமுவேல் ஹாலேவி 1357 அளவிற் கட்டுவித்த மற்றொரு செபக்கூடம். அதன் சுதைச் சுவர்களில் எபிரேய எழுத்துக்களோடு அறபு எழுத்துக்களும் விரவிக் கிடக்கின்றன. கிறிஸ்தவ மன்னனின் ஆட்சியில் யூதர் தம் வழிபாட்டிடத்தை அறபு எழுத்தாலும் அழகுசெய்தனர் என்பது ஒருபுறம். அம்மன்னனே சில ஆண்டுகளில் ஹாலேவியைச் சிறைப்படுத்தி வதைக்க, அவர் மாண்டார் என்பது மறுபுறம். மூன்று சமயத்தாரும் ஒன்றி வாழ்ந்த நகர் என்று வழிகாட்டிகள் கூறும் புகழுரையை இவ்விரண்டையும் சேர்த்தே மதித்தல் வேண்டும்.

பெரும் பள்ளிவாசல் இருந்த இடத்தில் 1226இற் கட்டத் தொடங்கிய பேராலயத்தையும், 1577இல் இங்கு வந்து 1614இல் மறையும்வரை வாழ்ந்த கிரேக்க ஓவியர் எல் கிரேக்கோவின் படைப்புக்களையும் விரைந்து கண்டோம். வாள் விற்கும் கடையில் எம் கூட்டத்தினர் செலவிட்ட நேரம், இரு செபக்கூடங்களிலும் செலவிட்டதிலும் மிகுதி என்பதைச் சொல்லாதிருத்தல் இயலாது.

இவையனைத்தினும் பெரிதெனத்தக்க தொலேதோவின் பணியைக் காட்டுதற்கு அக்காலத்துக் கட்டடம் எதுவுமில்லை. ஆதலாற் போலும் வழிகாட்டி அதனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அறபு மொழியிலிருந்த கணிதம், வானியல், மருத்துவம், தத்துவம் ஆகிய துறைகளின் நூல்கள் 12ஆம் நூற்றாண்டில் இந்நகரிலே இலத்தீனாக மாறி ஐரோப்பாவெங்கும் சென்றன. 1085இல் நகர் உடன்படிக்கையாற் கைமாறியதேயன்றி எரியூட்டப்படவில்லை. ஆதலின் ஏடுகள் எஞ்சின, ஏடறிந்தோரும் எஞ்சினர். முஸ்லிம் ஆட்சியில் வாழ்ந்து அறபையே தம் மொழியாகக் கொண்ட கிறிஸ்தவர், ஆட்சி மாறியபின்னும் நெடுங்காலம் காணி உறுதிகளை அறபிலேயே எழுதிவந்தனர். அதற்கு முன்னரே இந்நகரின் கல்வி எத்தகையதாயிருந்தது என்பதற்கு, இங்கு நீதிபதியாயிருந்த சாயித் என்பார் 1068இல் எழுதிய நூல் சான்றாகும். அறிவியலை வளர்த்த எட்டு இனத்தாருள் இந்தியரை அவர் முதலாவதாக வைத்துப் போற்றுகின்றார்.

இத்தாலியின் கிரெமோனாவிற் பிறந்த ஜெரார்டு, தொலமியின் ‘அல்மகெஸ்து’ என்னும் வானியல் நூலைத் தேடி இங்கு வந்தவர். வந்த இடத்தில் நூற்பெருக்கத்தைக் கண்டு வியந்து, அறபைக் கற்று, வாழ்நாளின் பெரும்பகுதியை மொழிபெயர்ப்பிலேயே கழித்து 1187இல் மறைந்தார். குவாரிஸ்மியின் அட்சரகணிதமும் இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலும் உட்பட, அவர் பெயர்த்தனவாக அவர்தம் மாணவர் தொகுத்த நூல்கள் எழுபதுக்கு மேற்பட்டவை. அறபறிந்த கிறிஸ்தவராகிய காலிப் என்பார் அவருக்குத் துணைநின்றார். ஒருவர் அறபு ஏட்டை நோக்கி மக்கள் பேச்சுமொழியில் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் அதனை இலத்தீனில் எழுதுதல் அக்காலத்திற் கையாண்ட முறைகளுள் ஒன்று.

வழியிற் சொற்கள் திரிந்ததும் உண்டு. வடமொழிக் கணிதத்தில் வில்லின் நாணைக் குறித்த ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்னும் சொல் அறபிற் புகுந்தபோது உயிர்க்குறியின்றி எழுதப்பட்டது. பின்வந்தோர் அதனை ‘ஜைப்’ என்று படித்தனர். அது சட்டையின் மடிப்பைக் குறிக்கும் அறபுச் சொல்; எம் சட்டையின் ‘ஜேப்பு’ம் அதன் வழிவந்ததே. 12ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் மடிப்பு என்றே பொருள்கொண்டு ‘சைனஸ்’ என்னும் இலத்தீன் சொல்லால் அதனைப் பெயர்த்தனர். எம் மாணவர் கணித வகுப்பிற் படிக்கும் ‘சைன்’ இவ்வாறு பிறந்தது.

13ஆம் நூற்றாண்டில், இந்நகரிற் பிறந்த பத்தாம் அல்போன்சோ மன்னன் இலத்தீனை விடுத்துத் தன் நாட்டு மொழியாகிய காஸ்தீலியத்திலேயே நூல்களை ஆக்குவித்தான். யூத வானியலார் இருவர் அவனுக்காக வகுத்த கோள்நிலை அட்டவணைகள் கொப்பேர்னிக்கஸ் காலம்வரை ஐரோப்பியர்க்குப் பயன்பட்டன. பஞ்சதந்திரக் கதைகள், பாரசீகம், அறபு வழியாக, அவன் இளவரசனாயிருந்த 1251 அளவிற் காஸ்தீலியம் புகுந்தன.

இனி மறுபக்கம். 12ஆம் நூற்றாண்டில், குண்டிசால்வோ என்னும் குருவானவர் யூத அறிஞர் ஒருவரோடு சேர்ந்து இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூலைப் பெயர்த்தபோது, அது தொலேதோவின் அதிமேற்றிராணியாருக்கே உரிமையாக்கப்பட்டது. 1492இல் யூதர் நாடு கடத்தப்பட்டனர். 1495இல் அதே அதிமேற்றிராணியார் பீடமேறிய சிஸ்னெரோஸ், 1500ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கிரனாடா நகரில் அறபு நூல்களைக் குவித்துத் தீயிடுவித்தார். மருத்துவ நூல்கள் மாத்திரம் விலக்கப்பட்டன. அறபு பேசிய கிறிஸ்தவரின் பழைய வழிபாட்டு முறை அழியாதபடி இப்பேராலயத்தில் ஒரு சிற்றாலயம் அமைத்தவரும், பன்மொழி விவிலியத்தை அச்சிடுவித்தவரும் இவரே என்பதை மறைத்தல் முறையன்று.

மாலையிற் பேராலயத்தை அடுத்த கடைத்தெரு வழியே பஸ்ஸுக்கு மீண்டோம். இப்பகுதியில் முன்னிருந்த அல்கானா என்னும் கடைவீதியிலேதான் தம் கதையின் அறபுக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்ததாக, 1605இல் வெளிவந்த ‘தோன் கிஹோத்தே’யிற் செர்வாந்தேஸ் புனைந்துரைக்கின்றார். அதனை வாசிக்க அறியாமையால், கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம் வழியினனாகிய மொரிஸ்கோ ஒருவனை அவ்விடத்திலேயே எளிதிற் கண்டு, உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பேசித் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று, ஒன்றரை மாதத்தில் முழுவதையும் மொழிபெயர்ப்பித்தாராம். மொரிஸ்கோக்களை நாட்டினின்றும் வெளியேற்றும் கட்டளைகள் 1609இற் பிறக்கலாயின.